பாங்காக் 7 நாள், கூட அம்மா (66 வயசு, சைவம், முழங்கால் வலி). இந்தத் திட்டம் தேறுமா?

மலைக்கோட்டை மணி | டிசம்பர் 9, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவை ஒட்டி ஒரு வாரம் பாங்காக் போறோம், நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு முதல் வெளிநாடு. அப்பா போனதுக்கு அப்புறம் திருச்சியை விட்டு எங்கேயும் வரமாட்டேன்னு இருந்தவங்க, ஏதோ மனசு வந்து சரின்னுட்டாங்க. அதனால சொதப்பக் கூடாது.

இங்க ஒரு டிராவல்ஸ்ல எழுதிக் கொடுத்தது இது:

விமானம் இறங்கினதும் நேரா பட்டாயா, 2 இரவு, தீவுல படகு விளையாட்டு. மூணாம் நாள் திரும்புற வழியில நகைக்கல் காட்சியகம். நாலாம் நாள் மிருகக்காட்சிப் பூங்கா. அஞ்சாம் நாள் அரண்மனை, வாட் போ, வாட் அருண் கோயில்கள், ராத்திரி கப்பல்ல சாப்பாடு. ஆறாம் நாள் ரயில் சந்தை, மிதக்கும் சந்தை, மதியத்துக்கு மேல அயுத்தயா. ஏழாம் நாள் ஷாப்பிங்.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் படிச்சுட்டுக் கேட்டது ஒண்ணுதான்: "ஏன்டா, நாலு நாள் கழிச்சுத்தான் சாமி கும்பிடணுமா?"

எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம், சொல்லுங்க.


சுக்கும்வித் சுந்தர் | டிசம்பர் 9, இரவு 10:30

மணி, நான் இங்க ஆறு வருஷமா இருக்கேன். வேலை பெட்டி தட்டுறது. அந்தப் பட்டியலை மடிச்சு மேஜை ஆடாம இருக்க காலுக்கு அடியில வைங்க.

ஆறாம் நாளைப் பாருங்க. ரயில் சந்தை இருக்கிற மேக்லாங், நகரத்துக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அயுத்தயா வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். நடுவுல பாங்காக் டிராஃபிக். எழுதினவர் வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கலை. அன்னைக்கு உங்க அம்மா பார்க்கப் போறது வேன் ஜன்னலை மட்டும்தான்.

நகைக்கல் காட்சியகம்னு ஒண்ணு பட்டியல்ல இருந்தா, உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு யாருக்கோ கமிஷன்னு அர்த்தம்.

என் யோசனை: ஏழு இரவும் ஒரே ஹோட்டல். பிடிஎஸ் ஸ்டேஷன் பக்கத்துல, லிஃப்ட் உள்ள ஸ்டேஷனா பார்த்து எடுங்க. பிடிஎஸ்னா தலைக்கு மேல ஓடுற ரயில், 1999 டிசம்பர்ல தொடங்கினது. எம்ஆர்டி இன்னொரு நகர ரயில், நகர நடுவுல சுரங்கத்துல ஓடும், 2004-ல வந்தது. எம்ஆர்டி நீலத் தடத்துல 'சனாம் சாய்' ஸ்டேஷன்ல இறங்கினா வாட் போ நடக்கிற தூரம். பழைய ஊருக்கு டாக்ஸியே வேண்டாம். பிடிஎஸ்-ல நிறைய வாசல்ல மேல ஏற மட்டும்தான் எஸ்கலேட்டர் இருக்கும், இறங்கப் படிதான். முழங்கால் வலிக்காரங்களுக்கு இறங்குறதுதான் பாடு. அதனால லிஃப்ட் எந்த வாசல்ல இருக்குன்னு முதல்லயே பார்த்து வைங்க.


ஓசிப்பயணி | டிசம்பர் 9, இரவு 11:05

சுந்தர் சார் சொன்னதுல பாதி சரி. ஆனா ரயில் சந்தைக்கு வேன்ல போறவங்களைக் கண்டா எனக்குப் பாவமா இருக்கும். வொங்வியன் யாய் ஸ்டேஷன்ல ஏறினா மகாச்சாய் வரைக்கும் டிக்கெட் 10 பாட் (தாய்லாந்துக் காசு). அங்க மீன் சந்தை வழியா நடந்து, தா சீன் ஆத்தைப் படகுல தாண்டி, அக்கரையில பான் லேம் ஸ்டேஷன்ல அடுத்த ரயில். அது நேரா மேக்லாங் சந்தைக்கு உள்ளயே நுழையும். கடைக்காரங்க பந்தலை மடக்குறதைத் தண்டவாளத்துல நின்னு பார்க்கிறதுக்குப் பதிலா ரயில் ஜன்னல்ல இருந்து பார்க்கலாம். கத்திரிக்காய்க் கூடை சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும், எடுக்கவே மாட்டாங்க.


சுக்கும்வித் சுந்தர் | டிசம்பர் 9, இரவு 11:20

66 வயசு, முழங்கால் வலி. மீன் சந்தை. சைவம். தலைப்பைப் படிச்சீங்களா தம்பி?


ஓசிப்பயணி | டிசம்பர் 9, இரவு 11:24

சரி சரி. அடுத்த தடவை மணி தனியா போகட்டும்.


கெடா கவி | டிசம்பர் 10, காலை 7:48

மணி, நான் மலேசியாவிலிருந்து எழுதறேன். ஏழு நாளில் ஒரு நாளைக் காஞ்சனபுரிக்குக் கொடுங்கள். 'குவாய் ஆற்றுப் பாலம்' என்று சுற்றுலாக்காரர்கள் சொல்லும் இடம். எங்களுக்கு அது சயாம் (தாய்லாந்தின் பழைய பேர்) மரண ரயில்.

ஜப்பான்காரன் 1942-43-ல் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட தண்டவாளம், 415 கிலோமீட்டர். போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள், அது உலகத்துக்குத் தெரியும். ஆசியத் தொழிலாளிகள் 90,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று சொல்வார்கள், சரியான பதிவேடு கிடையாது. அதில் பெரும் பங்கு மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து பிடித்துப்போன தமிழர்கள். என் தாத்தாவின் அண்ணன் ஒருவர். 'மூணு மாச வேலை, திரும்பி வந்துடலாம்' என்று சொல்லி லாரியில் ஏற்றினார்களாம். பாட்டி கடைசி வரை அவருக்குத் திதி கொடுக்கவில்லை. எந்தத் தேதி என்று தெரியாதே, அதனால்.

நான் இன்னும் போகவில்லை. நீங்கள் போனால் எழுதுங்கள்.


மலைக்கோட்டை மணி | டிசம்பர் 10, காலை 9:15

கவி அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. பாலம்னா போட்டோ எடுக்கிற இடம்னு நினைச்சேன். ஒரு நாள் ஒதுக்கிட்டேன். பட்டாயாவை அடிச்சாச்சு.


கண்டிப் பனி | டிசம்பர் 10, மதியம் 1:02

பட்டாயாவை வெட்டினது நல்லது. நான் போன வருஷம் போனனான். அயுத்தயாவையும் விடாதேங்கோ. 1350 வாக்கில எழும்பின சயாம் தலைநகரம், 1767-ல பர்மாக்காரர் எரிச்சுப்போட்டாங்கள்.

ஒரு கதை சொல்றன். கண்டியில பிக்குகளுக்கு உபசம்பதா, அதாவது முழுத் துறவுத் தீட்சை, குடுக்கிற பரம்பரை அறுந்துபோச்சு. அப்ப கண்டியை ஆண்டது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்தவன். அவன் அயுத்தயாவுக்கு ஆள் அனுப்பி பிக்குகளைக் கேட்டான். 1753-ல உபாலி தேரர் கப்பலேறி வந்து பரம்பரையைத் திரும்பத் துவக்கி வைச்சார். இண்டைக்கும் எங்கட ஊரில அந்தப் பிக்குப் பிரிவுக்கு சியாம் (சயாம்) நிக்காய எண்டுதான் பெயர். அதுக்குப் பதினாலு வருஷத்தில அயுத்தயாவே இல்லாமப் போச்சு. அந்தச் செங்கல்லுகளுக்கு நடுவில நிக்கேக்க எனக்கு இதுதான் நினைப்பு வந்தது.


மலைக்கோட்டை மணி | டிசம்பர் 10, இரவு 8:40

சாப்பாடு? அம்மா முட்டைகூடத் தொடமாட்டாங்க. ஒரு வாரத்துக்குப் புளிக்காய்ச்சலும் மாவடுவும் மூட்டை கட்டியாச்சு.


சுக்கும்வித் சுந்தர் | டிசம்பர் 10, இரவு 9:26

மூட்டை இருக்கட்டும், நல்லதுதான். 'வெஜிடேரியன்'னு சொன்னா இங்க பாதிப் பேருக்கு இறைச்சித் துண்டு இல்லைன்னு மட்டும்தான் புரியும். மீன் சாஸ் ஊத்துவாங்க, சிப்பி சாஸ் ஊத்துவாங்க. கேட்க வேண்டிய வார்த்தை 'ஜே'. சீனப் பௌத்த வழக்கத்துச் சைவம். மாமிசம், முட்டை, மீன் சாஸ் மட்டுமில்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ஏகாதசிச் சமையல் மாதிரி. மஞ்சள் கொடியில சிவப்பா எழுதியிருக்கும், தாய் எழுத்து தெரியாதவங்க கண்ணுக்கு '17'னு தெரியும். 17 எங்க தொங்குதோ அங்க கண்ணை மூடிட்டு உக்காரலாம். யாவராத் சைனாடவுன்ல தேடினா கிடைக்கும்.

மத்த கடையில 'மாய் சாய் நாம் ப்லா'ன்னு சொல்லுங்க, மீன் சாஸ் போடாதேன்னு அர்த்தம். ஆனா பப்பாளிச் சாலட்ல காய்ஞ்ச இறால் இடிச்சுப் போடுவாங்க, அதைத் தனியாச் சொல்லணும்.

இன்னொண்ணு. இங்க வந்து இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பணும், 2025 மே மாசத்துல இருந்து கட்டாயம். அரசுத் தளத்துல இலவசம். பணம் கேட்டா அது போலித் தளம், வெளியே வந்துடுங்க. விசா விதி அப்பப்ப மாறுது, டிக்கெட் போடும்போது ஒரு தடவை சரிபாருங்க.


ஓசிப்பயணி | டிசம்பர் 10, இரவு 9:50

அரண்மனை வாசல்ல ஒருத்தன் டீக்கா சட்டை போட்டுட்டு வந்து 'இன்னைக்குப் பூஜை, மதியம் வரைக்கும் மூடியிருக்கு, நான் வேற கோயில் காட்டுறேன், டுக்டுக் ஆட்டோ 40 பாட்தான்'னு சொல்லுவான். நம்பாதீங்க. கடைசியில நகைக்கடையிலயோ தையல்கடையிலயோ போய் நிக்கும். எனக்கு நடந்திருக்கு. 40 பாட்டுக்கு ஆசைப்பட்டது நான்தான், அதனால புகார் இல்லை.


மலைக்கோட்டை மணி | ஜனவரி 26, இரவு 10:05

வந்துட்டோம். ரெண்டு நாளா தூங்கித் தீர்த்துட்டு இப்பத்தான் உக்காருறேன். நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

சுவர்ணபூமி விமான நிலையம்னு பலகையில தமிழ்க்காது கேட்ட பேரைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பாதி பயம் போயிடுச்சு. அவங்க உச்சரிக்கிறது 'சுவன்னபூம்'. நகரத்துக்குப் போற ரயில் 45 பாட், கடைசி ஸ்டேஷன் பேர் பயா தாய். "நம்ம தாயா?"ன்னு கேட்டாங்க.

முதல் முழு நாள் அரண்மனை. டிக்கெட் 500 பாட், வலிச்சது. ஓசிப்பயணி சொன்ன ஆள் வந்தான், நிஜமா டீக்கா சட்டை. "குளோஸ்டு மேடம்"னான். அம்மா அவனைப் பார்த்து, "அப்ப அத்தனை பேர் எதுக்குப்பா உள்ள போறாங்க?"ன்னு தமிழ்லயே கேட்டாங்க. அவனுக்கு என்ன புரிஞ்சதோ, நகர்ந்துட்டான்.

அரண்மனைக் கோயில்ல இருக்கிற மரகத புத்தர் 66 சென்டிமீட்டர்தான், ஆனா அவ்வளவு உயரத்துல உக்காந்திருக்கார். வெயில், மழை, குளிர்னு மூணு பருவத்துக்கு மூணு உடை, மாத்துறது ராஜா. நாங்க போனப்ப குளிர்கால உடை, உடம்பு முழுக்கத் தங்க வலை. அம்மா ஸ்ரீரங்கத்துக்காரங்க பேச்சைக் கேட்டு வளர்ந்தவங்க, "இதுவும் சாத்துப்படிதானே"ன்னு சாதாரணமா எடுத்துக்கிட்டாங்க.

அசைய வைக்க முடியாதது வெளிப்பிராகாரத்துலதான். சுத்துச்சுவர் முழுக்க ராமாயணம், அவங்க பேர் ராமகியன், 178 ஓவியம். அம்மா ஒவ்வொண்ணா அடையாளம் கண்டுபிடிச்சுட்டே வந்தாங்க. சேது கட்டுற இடத்துல நின்னுட்டாங்க. அனுமன் ஒரு மச்சகன்னியோட. அது ராவணன் மகள் சுவன்னமச்சா, பாலத்தைக் கலைக்க வந்தவ, அனுமன் அவளைக் காதலிச்சு ஒரு பிள்ளையும் பிறக்கும்னு போன்ல படிச்சுச் சொன்னேன். "ஆஞ்சநேயருக்குக் கல்யாணமா? யார் சொன்னது?" இந்த ஊர் அனுமன் பெரிய காதல் மன்னன்மா, இது மட்டுமில்ல இன்னும் நாலஞ்சு பேர்னேன். அஞ்சு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "பாவம், அங்கதான் பிரம்மச்சாரியா கஷ்டப்பட்டார், இங்கயாவது இருந்துட்டுப் போகட்டும்"னு தீர்ப்பு சொல்லிட்டு நடந்தாங்க. எனக்கு அந்த 500 பாட் அங்கயே தீர்ந்துடுச்சு.

வாட் போவுல 46 மீட்டர் சயன புத்தர். அரங்கநாதரைப் பார்த்த கண்ணுக்குப் படுத்த கோலம் புதுசில்லை, ஆனா பாதத்துல முத்துச்சிப்பி பதிச்ச 108 மங்கலச் சின்னம் இருக்கு, அங்க நல்லா நேரம் போச்சு. வாட் அருணுக்குப் படகு 5 பாட். அங்க படி செங்குத்து, அம்மா கீழயே உக்காந்து, உடைஞ்ச பீங்கான் தட்டால செஞ்ச பூவை எண்ணிட்டிருந்தாங்க.

மறுநாள் ஊஞ்சல் கம்பம், சாவ் சிங் சா. 27 மீட்டர் உயரத்துல ரெண்டு சிவப்புத் தூண், ஊஞ்சல் இல்லை. அதுல ஆடுற சடங்கை 1935-ல நிறுத்திட்டாங்க. பக்கத்துலயே தேவஸ்தானம், அரண்மனைப் பிராமணர்கள் கோயில். தென்னிந்தியாவிலிருந்து போன வழின்னு சொல்லிக்கிற குடும்பங்கள். மார்கழியை ஒட்டி நடக்கிற அவங்க விழாவுக்குப் பேரே 'த்ரியம்பவாய் - த்ரிபவாய்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. திருவெம்பாவை, திருப்பாவை! மொழி மறந்துபோய் ஓசை மட்டும் தலைமுறை தலைமுறையா கைமாறியிருக்கு. நாங்க போனப்ப விழாவும் இல்லை, கதவும் சாத்தியிருந்தது. அம்மா கம்பி வழியா எட்டிப் பார்த்துட்டு வாசல்ல நின்னு அவங்களுக்குத் தெரிஞ்ச நாலு பாட்டைச் சொன்னாங்க. ஒரு தெருப்பெருக்குற அம்மா துடைப்பத்தை வச்சுட்டுக் கும்பிட்டாங்க.

சீலோம் மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். 1870-கள்ல தமிழர்கள் கட்டினது, ஊர்க்காரங்களுக்கு 'வாட் கேக்'. கேக்னா விருந்தாளி, வெளியூர்க்காரன், நம்மள மாதிரி ஆள்னு எல்லாம் அர்த்தம். உள்ள பத்துக்கு எட்டுப் பேர் தாய்லாந்துக்காரங்க. அவங்க பக்தியைப் பார்த்து அம்மாவே வரிசையில ஒழுங்கா நின்னாங்க, அதுவே அதிசயம்.

அயுத்தயா: ஹுவா லம்போங்லருந்து சாதாரண ரயில் (தொலைதூர ரயில் எல்லாம் 2023-ல புது நிலையத்துக்குப் போயிடுச்சு, இதுமட்டும் பழைய இடத்துலருந்து கிடைச்சது). அங்க ஒரு டுக்டுக்கை நாலு மணி நேரத்துக்குப் பேசிக்கிட்டோம். வாட் மகாதாத்ல அரசமர வேருக்குள்ள புத்தர் தலை. அதைவிட உன் தலை உயரமா இருக்கக் கூடாது, உக்காந்துதான் படம் எடுக்கணும். அம்மாவுக்கு உக்கார முடியலை, தூர நின்னே கும்பிட்டாங்க. காவலாளி ஒண்ணும் சொல்லலை. கண்டிப் பனி அண்ணா, தலை இல்லாத புத்தர் வரிசையைப் பார்க்கும்போது உங்க உபாலி தேரர் கதையை அம்மாகிட்டச் சொன்னேன். "நல்லவேளை, எரியறதுக்கு முன்னாடியே கொடுத்து வச்சாங்க"ன்னாங்க.

ரயில் சந்தை, ஷாப்பிங் ரெண்டும் போனோம். கூட்டம். அவ்வளவுதான்.

லும்பினி பூங்காவுல சாயங்காலம் உடும்பு நடக்குது, நாய் மாதிரி, யாரும் கண்டுக்கல. சரியா ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில தேசிய கீதம், ஓடிட்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்னாங்க. அம்மாவும் நின்னாங்க. உடும்பு மட்டும் போய்க்கிட்டே இருந்தது.

காஞ்சனபுரியை நாளைக்கு எழுதறேன்.


சுக்கும்வித் சுந்தர் | ஜனவரி 26, இரவு 10:40

சீலோம் வரைக்கும் வந்துட்டு எனக்கு ஒரு போன் இல்லை. 17 கிடைச்சதா?


மலைக்கோட்டை மணி | ஜனவரி 26, இரவு 10:52

கிடைச்சது அண்ணே, மூணு இடத்துல. புளிக்காய்ச்சல் பாதி திரும்பி வந்துடுச்சு. வெங்காயம் இல்லாத நூடுல்ஸை அம்மா 'விரதச் சேவை'ன்னு பேர் வச்சுச் சாப்பிட்டாங்க.


மலைக்கோட்டை மணி | ஜனவரி 27, இரவு 9:30

கவி அக்கா, உங்களுக்கு.

தோன்புரி ஸ்டேஷன்ல காலை 7:50 ரயில். வெளிநாட்டுக்காரங்களுக்கு 100 பாட். மூணாம் வகுப்பு மட்டும்தான், ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல. அம்மா முழங்காலுக்கு எதிர் சீட் காலியா இருந்தது, பிழைச்சோம்.

காஞ்சனபுரி ஸ்டேஷனுக்குக் கிட்டவே போர்க் கல்லறை. கிட்டத்தட்ட 7,000 பேர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரங்க. ஒவ்வொருத்தருக்கும் தனிப் பலகை, பேர், வயசு, படைப்பிரிவு, வீட்டுக்காரங்க எழுதின ஒரு வரி. இருபத்திமூணு, இருபத்தஞ்சு வயசுதான் நிறைய. புல்லு சீவி, பூச்செடி வச்சு அவ்வளவு சுத்தமா பார்த்துக்கறாங்க. அம்மா ரெண்டு வரிசை நடந்துட்டு, "அந்தப் பொண்ணு சொன்னாளே, அவங்க பெரிய தாத்தா மாதிரி ஆளுங்க எங்க?"ன்னு கேட்டாங்க. இது பட்டாளத்துக்காரங்க இடம், அவங்க இங்க இல்லைன்னேன். "அப்ப எங்க?" எனக்குத் தெரியலை. தண்டவாளம் ஓரம் முழுக்கத்தான்மா இருக்கணும்னேன்.

பாலத்துல கூட்டம், ஐஸ்கிரீம், செல்ஃபி. வளைவா இருக்கிற இரும்புக் கூடுதான் அந்தக் காலத்தது, ஜாவாவிலிருந்து கழட்டிக் கொண்டுவந்தது. நடுவுல கோணமா இருக்கிற ரெண்டும் குண்டு விழுந்ததுக்கு அப்புறம் மாத்தினது. ஆத்துக்கு முதல்ல இந்தப் பேரே இல்லையாம். ஒரு இங்கிலீஷ் படம் பாலத்தை உலகப் புகழாக்கினதும், பயணிங்க தேடி வர்றாங்கன்னு 1960-கள்ல ஆத்துப் பேரையே மாத்தியிருக்காங்க. படத்துக்காக ஆறு பேர் மாறுது, செத்தவன் பேரை எழுத ஒரு நோட்டு இல்லை. மன்னிக்கணும், கோபம் வருது.

அம்மா வாசல்ல ஒரு மல்லிகை மாலை வாங்கினாங்க, 20 பாட். உங்க பாட்டி பேர், அவர் பேர் எதுவும் எனக்குத் தெரியாது. "தோட்டத்துல இருந்து வந்தவங்களுக்கு"ன்னு சொல்லி ஆத்துல விட்டாங்க. அன்னைக்குத் தேதி ஜனவரி 20, தை மாசம். அவ்வளவுதான் எங்களால முடிஞ்சது.


கெடா கவி | ஜனவரி 28, காலை 6:20

நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். பதில் எழுத வரவில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் பேர் முனியாண்டி. தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டேன். ஏப்ரலில் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அந்த ரயில் பாலத்துக்கு அப்பாலும் போகுமா?


மலைக்கோட்டை மணி | ஜனவரி 28, காலை 8:02

போகும் அக்கா, நாம் தோக் வரைக்கும். வழியில தாம் கிராசேன்னு ஒரு இடம், பாறையை ஒட்டி மரத்தூண் மேல தண்டவாளம், ரயில் ஊர்ந்துதான் போகும். அதுவும் அவங்க கட்டினதுதான். போகும்போது இடது பக்க ஜன்னல் பிடிங்க. ஏப்ரல்ல வெயில் கொளுத்தும், தண்ணி நிறைய எடுத்துக்கோங்க. அம்மா முனியாண்டிங்கிற பேரைப் பூஜை அறைக் காலண்டர்ல எழுதி வச்சுட்டாங்க.